சேனை வைத்த விரல்

எங்கள் கடலூர்ப் பக்கத்தில் ஒரு குழந்தை கொஞ்சம் அடம் பிடித்தால் போதும், பக்கத்தில் இருப்பவர்கள் உடனே கேட்பார்கள்: "இதுக்கு யாரு சேனை வச்சது?" பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகத் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ ஒரு சொட்டுத் தொட்டு வைப்பதுதான் சேனை. வைத்தவரின் குணம் குழந்தைக்கு வந்துவிடும் என்பது நம்பிக்கை. அதனால் குடும்பத்தில் யார் பொறுமைசாலி, யார் அதிர்ந்து பேசாதவர் என்று முன்கூட்டியே ஆள் பார்த்து வைப்பார்கள். எனக்கும் பார்த்து வைத்திருந்தார்கள். என் பெரியம்மா. கோபம் என்றால் என்ன விலை என்று கேட்கிற மனுஷி. அவர் விருத்தாசலத்திலிருந்து ரயிலில் வந்து சேர்வதற்குள் என் தாய்மாமா முந்திக்கொண்டார்.

மாமாவுக்கு அப்போது இருபது வயது. திருப்பாதிரிப்புலியூரில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் அவர்களுக்கு நாட்டு மருந்துக் கடை. தங்கைக்குப் பெண் பிறந்திருக்கிறது என்று கேட்டதும் கடையிலிருந்து ஒரு சின்னப் புட்டியில் தேனை ஊற்றிக்கொண்டு ஓடி வந்தாராம். நான் அழுதுகொண்டிருந்தேனாம். "பெரியவ வர்ற வரைக்கும் புள்ள தொண்ட காயணுமா?" என்று சத்தம் போட்டுவிட்டு, விரலைத் தேனில் தொட்டு என் வாயில் வைத்துவிட்டார். பெரியம்மா வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தக் கதையை அம்மா சாகும்வரை சொன்னார், ஒவ்வொரு முறையும் பெருமூச்சோடு.

ஏனென்றால் மாமா ஊரறிந்த கோபக்காரர். அவர் கடையில் போய், "தேன் சுத்தமா?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டவருக்குத் தேன் கிடையாது. "சுத்தமா இல்லன்னு நெனக்கிறவனுக்கு நான் ஏன்யா குடுக்கணும், போய் ஜீனிப் பாகு வாங்கிக் குடி" என்பார். மற்றவர்களுக்கு, அவர்கள் கேட்காமலேயே, பரீட்சை செய்து காட்டுவார். தண்ணீர் டம்ளரில் ஒரு சொட்டு விடுவார், அது கலையாமல் அடியில் போய் உட்கார வேண்டும். செய்தித்தாளில் ஒரு சொட்டு வைப்பார், ஊறி மறுபக்கம் வரக் கூடாது. கடைசியாகத் தீக்குச்சியின் மருந்துத் தலையைத் தேனில் முக்கிப் பெட்டியில் உரசுவார். பற்றிக்கொண்டால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எனக்கு அந்தக் கடை ரொம்பப் பிடிக்கும். பள்ளிக்கூடம் விட்டால் நேரே அங்கேதான் போவேன். அதிமதுரமும் சுக்கும் கலந்த ஒரு வாடை, பாவாடையில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். இருமல் என்றால் திப்பிலிப் பொடியைத் தேனில் குழைத்து உள்ளங்கையில் வைப்பார், நக்க வேண்டும். வாய்ப்புண் என்றால் வெறும் தேன். குக்கர் மூடியில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டபோது தண்ணீரில் நீட்டச் சொல்லி, பிறகு தேனைத் தடவிவிட்டார். எரிந்தது, பிறகு அடங்கியது. இன்றைக்கும் அந்த இடத்தில் தழும்பு இல்லை. "தேன் மருந்து இல்லடி. மருந்த ஏத்திக்கிட்டு உள்ள போற வண்டி" என்பார். அவர் என்னிடம் சத்தம் போடாமல் பேசிய நேரங்கள் எல்லாம் மருந்தைப் பற்றிப் பேசிய நேரங்கள்தான்.

மற்ற நேரங்களில் நாங்கள் இருவரும் சண்டை போடுவோம். அவர் ஒன்று சொன்னால் நான் இரண்டு சொல்வேன். "அப்படியே மாமன உரிச்சி வச்சிருக்கு" என்று வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். அவருக்கும் அதில் உள்ளூர சந்தோஷம் என்று நினைக்கிறேன். அவருக்குக் குழந்தை இல்லை. அத்தையும் அவரும் எத்தனையோ கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள்.

அந்த சந்தோஷத்தை நான்தான் கெடுத்தேன். என்னைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா, "கல்யாணத்துக்கு அப்பறம் வேலைக்கெல்லாம் போவ வேணாம்" என்றார். "அத நான் முடிவு பண்ணிக்கிறேன்" என்றேன். வந்தவர்கள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். வீட்டில் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். யாரோ வழக்கம்போலச் சேனையை இழுத்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கூடத்தில் நின்றுகொண்டு மாமாவைப் பார்த்துச் சொன்னேன்: "உங்க கை பட்டதாலதான் என் வாழ்க்கை இப்படிப் போவுது."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வேறு நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று, வேலைக்கும் போனேன், சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் இன்றுவரை இருக்கிறேன். மாமா பேச்சையும் நிறுத்தவில்லை, சண்டையையும் நிறுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பச்சைக் குழந்தையையும் அவர் தொடவில்லை. என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தார். கதவருகிலேயே நின்றார். ஒரு சின்னப் புட்டித் தேனை மேஜைமேல் வைத்துவிட்டு, "யாராவது வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். என் மாமியார் வைத்தார். நான் மாமாவைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

அத்தை இறந்த பிறகு மாமா கடைக்கு மேலேயே தனியாக இருந்தார். வருஷா வருஷம் ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் வருவார். நடராஜர் அபிஷேகத்துக்கு என்று ஒரு பெரிய புட்டித் தேனைக் கையிலேயே தூக்கிக்கொண்டு ரயிலில் வந்து, அதைக் கோயிலில் சேர்த்துவிட்டு, அபிஷேகம் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். இரண்டு வருஷத்துக்கு முன்பும் அப்படித்தான் வந்தார். என் மகள் அப்போது நான்கு மாதம் முழுகாமல் இருந்தாள், லீவுக்கு வந்திருந்தாள். மாமா உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள்தான் கேட்டாள்: "தாத்தா, கால் கழுவிட்டு வந்தீங்களா? தரையெல்லாம் ஈரமா இருக்கு."

வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும் மொசைக் தரையில் ஈரக் கால் தடங்கள். அவர் காலைக் கழுவவில்லை. குனிந்து பார்த்தால் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். வலது காலில் உடைந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. உச்சி வெயிலில் கோயில் கருங்கல் தரையில் வெறுங்காலோடு அத்தனை நேரம் நின்றிருக்கிறார், சுட்டது அவருக்குத் தெரியவேயில்லை. "சாமி சந்நிதியில என்னாடி சூடு" என்றார்.

சிதம்பரத்தில் ஒரு பெண் சர்ஜனிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் மாமாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, தூண்டில் நரம்பு போன்ற ஒரு மெல்லிய இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். "தெரியுதா?" என்று கேட்டார். "இன்னும் தொடவே இல்லியே" என்றார் மாமா. அதற்குள் ஆறேழு இடம் தொட்டாகிவிட்டது. சுகரால் நரம்பு மரத்துப்போயிருக்கிறது என்றார் டாக்டர். மாமாவுக்கு சுகர் இருப்பது எங்களுக்குத் தெரியும், மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். காலையில் வெந்நீரில் இரண்டு கரண்டித் தேனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. "தேன் சர்க்கரை கணக்குல வராதுங்க" என்று டாக்டருக்கே சொன்னார். "வரும்" என்றார் டாக்டர். "வாய்க்கு வேணாம். உங்க காலுக்குத் தர்றேன்."

நான் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் செத்த தோலை வெட்டிச் சுத்தம் செய்துவிட்டு, நர்ஸ் ஒரு டியூபை எடுத்துப் பிதுக்கினார். தேன். காயத்துக்கென்றே கிருமி நீக்கித் தயாரித்த தேனாம். அது காயத்தின் நீரை இழுத்துக்கொள்ளும், கிருமி அதில் வளராது என்று டாக்டர் விளக்கினார். அது மட்டும் போதாது, சுகர் இறங்க வேண்டும், மாத்திரை வேண்டும், காலை ஊன்றக் கூடாது, இதெல்லாம் சேர்ந்தால்தான் ஆறும் என்றும் சொன்னார். மாமா அதையெல்லாம் காதில் வாங்கினாரோ என்னவோ, டியூபை மட்டும் வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"வண்டின்னு நெனச்சிக்கிட்டிருந்தேன், இதுவே மருந்துங்கிறாங்களே" என்றார் என்னிடம். வாழ்நாள் முழுக்கத் தேன் விற்றவருக்கு அது பெரிய கௌரவமாக இருந்தது.

காலை ஊன்றக் கூடாது என்பதால் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். கட்டு மாற்ற நர்ஸிடம் கற்றுக்கொண்டேன். அலுவலகம் போவதற்கு முன் முக்காலியில் உட்கார்ந்து அவர் காலை என் மடியில் வைத்துக்கொள்வேன். ஒருநாள் காய் நறுக்கிய விரலில் எனக்குச் சின்ன வெட்டு. கட்டு மாற்றும்போது கையுறை கிழிந்து அதில் தேன் பட்டுவிட்டது. சுரீரென்று எரிந்தது. "உங்களுக்கு எரியலியா மாமா?" என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு என்னா எரியுது. எவன் காலோ மாதிரி கெடக்கு" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு கட்டைச் சுற்றினேன்.

இரண்டு வாரத்தில் இடது கால் ஆறிவிட்டது. வலது காலும் ஓரங்களில் புதுச் சதை சிவந்து நன்றாக வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் மாமா தன் வேலையைக் காட்டினார்.

அவருக்கு டியூபின்மேல் நம்பிக்கை வரவில்லை. நான் வேலைக்குப் போன ஒரு பகலில் அதைப் பிதுக்கிப் பரீட்சை செய்திருக்கிறார். தண்ணீரில் விட்டாராம், கரைந்துவிட்டதாம். தீக்குச்சி பற்றவில்லையாம். அவ்வளவுதான், கலப்படம் என்று முடிவு கட்டிவிட்டார். தன் பையிலிருந்த கடைத் தேனை, மூன்று பரீட்சையிலும் தேறிய தேனை, கட்டைப் பிரித்து ஊற்றிவிட்டு மறுபடி கட்டிக்கொண்டார். ஒருநாள் இல்லை, நான் காலையில் டியூபைப் போட்டுவிட்டுப் போகப் போக, பகலில் அதைத் துடைத்துவிட்டுத் தன் தேனை ஊற்றியிருக்கிறார்.

காய்ச்சல் வந்தபோதுதான் கண்டுபிடித்தேன். அதற்குள் சீழ் எலும்புக்கு இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து வலது காலில் கடைசி இரண்டு விரல்களை எடுத்தார்கள். "பாதமே போயிருக்கும், தப்பிச்சிது. சீழ் மேல ஏறினா அடுத்தது முழங்காலுக்குக் கீழ வெட்டுறதுதான்" என்றார் டாக்டர். பிரித்த கட்டு, துடைத்த துணி, கடைத் தேன் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்றார். அவர் மாமாவிடம் பேசியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "உங்க தேன் கலப்படம் இல்லன்னே வச்சிக்குவோம். ஆனா சுத்தமான தேன்லயும் கண்ணுக்குத் தெரியாத கிருமி வித்து இருக்கும். வயித்துல போனா நமக்கு ஒண்ணும் பண்ணாது. ஆறாத புண்ணு அப்படி இல்ல. அதுக்குத்தான் நாங்க அந்த வித்தையும் கொன்னுட்டு டியூப்ல தர்றோம். தீக்குச்சி அத சொல்லாதுங்க ஐயா."

டாக்டர் போன பிறகு நான் கத்தினேன். வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மடியில் வைத்துப் பார்த்த காலை இப்படிப் பண்ணிவிட்டாரே என்று எனக்குத் தாங்கவில்லை. பதிலுக்குக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "நல்ல தேன்டி அது. நானே பாத்து எடுத்தது" என்று மட்டும் சொன்னார். என்னிடம் நியாயம் கேட்பதுபோல அல்ல, தனக்குத்தானே சொல்வதுபோல.

கார்த்திகையில் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாமா ஒரு கையில் ஊன்றுகோலும் ஒரு கையில் பையுமாக வந்தார். பழையபடி கதவருகிலேயே நின்றார். பையிலிருந்து அதே மாதிரி ஒரு சின்னப் புட்டியை எடுத்தார். அப்போது உள்ளே வந்த நர்ஸ் புட்டியைப் பார்த்துவிட்டு, "சேனை கீனை எதுவும் வச்சிடாதீங்க. தாய்ப்பால் மட்டும்தான். அதுலயும் தேன் ஒரு வயசு வரைக்கும் தொடவே கூடாது" என்றார். ஏன் என்று என் மகள் கேட்டாள். டாக்டர் சொன்ன அதே கிருமி வித்துதான் காரணம். பெரியவர்கள் வயிற்றில் சும்மா கிடக்கிற அது, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து விஷமாகிக் கை கால் விழச் செய்துவிடும் என்றார் நர்ஸ்.

மாமாவின் முகம் வெளுத்துப்போயிற்று. என்னைப் பார்த்தார். ஐம்பது வருஷத்துக்கு முன் என் நாக்கில் வைத்த சொட்டை நினைத்திருப்பார் என்று பட்டது. புட்டியைப் பைக்குள் வைக்கப் போனார்.

"தாத்தா, அத எடுத்துட்டுப் போவாதீங்க. ஒரு வயசு ஆவட்டும், நீங்களே வைங்க" என்றாள் என் மகள்.

அவர் மறுபடியும் என்னைப் பார்த்தார். நான் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். அம்மாவின் பெருமூச்சு எனக்குள்ளேயும் எங்கோ இருந்திருக்கிறது போலும், ஃபிளாஸ்க்கில் வெந்நீர் இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அவருக்குப் புரிந்திருக்கும். "பாத்துக்கலாம் பாத்துக்கலாம்" என்று புட்டியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அன்று முழுக்க எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

அந்த ஒரு வருஷம் மாமா வேறு ஆளாக இருந்தார். சோற்றை அளந்து சாப்பிட்டார். டாக்டர் சொன்ன செருப்பு இல்லாமல் குளியலறைக்குக்கூடப் போகவில்லை. காலையில் நான் டியூபோடு வந்து உட்கார்ந்ததும் தானே காலைத் தூக்கி என் மடியில் வைப்பார். "ஜாஸ்தி வைக்காத, வீணாவுது" என்று அதிலும் ஒரு அதிகாரம். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அந்தச் சின்னப் புட்டி சமையலறை அலமாரியில் இருந்தது. மார்கழிக் குளிரில் தேன் உறைந்து வெள்ளையாகிவிட்டது. கெட்டுப்போயிற்று என்று நான் எடுத்துக் கொட்டப் போனபோது, "வெயில்ல வை, எளகும். நல்ல தேன்தான் ஒறையும்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவர் அந்தப் புட்டியைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அதற்கப்புறம் நானும் அதைத் தூசி தட்டி வைக்க ஆரம்பித்தேன்.

சித்திரையில் புண் முழுக்க மூடிவிட்டது. டாக்டர் அதே இழையால் பாதத்தைத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். "தெரியல" என்றார் மாமா. அந்த உணர்வு இனி வராது, கண்ணால்தான் காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். மாமா கடைக்குத் திரும்பினார். தீக்குச்சிப் பரீட்சையை நிறுத்திவிட்டார் என்றும், கைக்குழந்தைக்கு என்று யாராவது தேன் கேட்டால் சண்டை போட்டுத் திருப்பி அனுப்புகிறார் என்றும் கேள்விப்பட்டேன். சண்டையை மட்டும் விடவில்லை.

பேத்தியின் முதல் பிறந்தநாள் எங்கள் வீட்டில்தான். மாமா காலை ரயிலில் வந்தார். ஊன்றுகோல் இல்லை. கொஞ்சம் சாய்ந்து நடந்தாலும் தன் காலில் நடந்து வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. நான் அலமாரியிலிருந்து புட்டியை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன்.

"மாமா, நீங்க வைங்க."

அவர் கையை மடக்கிக்கொண்டார். "வேணாண்டி. ஒனக்கு வச்சதே போதும். நீதான் சொன்னியே."

முப்பது வருஷத்துக்கும் மேல் ஆகிறது. ஒரு வார்த்தைகூட அவருக்கு மறக்கவில்லை. என் வருத்தம் வழக்கம்போலக் கோபமாகத்தான் வெளியே வந்தது. "ஆமா, சொன்னேன். தப்பா சொன்னேன். ஒங்க குணம் எனக்கு வந்ததாலதான், நீங்க என்னா அழிச்சாட்டியம் பண்ணாலும் அந்தக் கால நான் விடாம கட்டுனேன். பொறுமசாலியா இருந்திருந்தா, ஒங்க இஷ்டம்னு எப்பவோ விட்டுட்டுப் போயிருப்பேன். வைங்க மாமா."

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்துபோய் சோப்புப் போட்டு முழங்கைவரை கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ஆள்காட்டி விரலைத் தேனில் தொட்டுக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனார். குழந்தை ஒரு நொடி சுவைத்தது. பிறகு புதிதாக முளைத்த நாலு பல்லாலும் கவ்விப் பிடித்துக்கொண்டது.

"ஐயோ, விடுடி" என்று என் மகள் குழந்தையின் கன்னத்தைப் பிடித்தாள். மாமா மறுகையால் அவளைத் தடுத்தார்.

"வலிக்குதா மாமா?" என்றேன்.

"வலிக்குதுடி" என்றார். கண்ணெல்லாம் நீராக, வாயெல்லாம் சிரிப்பாக, இன்னொரு தடவையும் சொன்னார். "நல்லா வலிக்குது." குழந்தை தானாக விடும்வரை அவர் விரலை எடுக்கவில்லை.